பன்னிரண்டாவது எபிசோட்

சனிக்கிழமை மாலை ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் ஓடும் அறையில், தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார் மெக்கானிக். நாற்பத்தாறு வயது, பாதித் தலை நரை, நகக்கண்ணெல்லாம் கிரீஸ். இப்பேர்ப்பட்ட மனுஷன் காத்திருந்தது ஒரு ஜப்பான் கார்ட்டூனின், காதல் அனிமேயின், கடைசி எபிசோடுக்கு. கேட்டால் சிரிப்பார்கள். கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கவும் செய்தார்கள். "என்ன ஹீரோ, பொம்மைப் படத்துக்கு நேரமாகலையா?" என்று வாராவாரம் ஒருத்தனாவது கேட்டுவிடுவான். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

அந்தப் பொம்மைப் படம்தான் அவருக்கு மகளைத் திருப்பிக் கொடுத்தது. மனைவி பிரிந்துபோய் நான்கு வருடம். மகளுக்குப் பதினைந்து வயது, அம்மாவோடு வேறு ஊரில் இருக்கிறாள். வாரம் ஒரு போன். "சாப்ட்டியா?" "ம்." "நல்லா படிக்கிறியா?" "ம்." அவ்வளவுதான், முடிந்தது கதை. அப்புறம் இரண்டு பேரும் யார் முதலில் வைப்பது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள், சொல்ல வேறொன்றும் இல்லாமல், புதுசாக ஒரு சீரீஸ் ஆரம்பித்திருக்கிறது என்றாள் அவள். "நானும் பாக்கட்டுமாடா?" என்று கேட்டார். "நீங்களா!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

அன்றிலிருந்து சனிக்கிழமை ஐந்து மணி அவர்களுடையது. போனில் பேசிக்கொண்டே, ஒன்று இரண்டு மூன்று எண்ணி, ஒரே நேரத்தில் இருவரும் எபிசோடை ஓட விடுவார்கள். ரயில் நிலையத்தில், தொலைந்த சாமான்களைத் திருப்பித் தரும் ஆபீஸில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்ப்பதற்காகவே தன்னுடையதில்லாத குடைகளைக் கேட்டு வாராவாரம் ஒரு பையன் வந்து நிற்கிறான். இவ்வளவுதான் கதை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. "லூசுப் பய, இன்னைக்காவது சொல்லித் தொலையேன்டா!" என்று அப்பா கத்த, மகள் அங்கே வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். எபிசோட் முடிந்தும் ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். அந்தப் பேச்சிலேயே பள்ளிக்கூடம் வந்தது, அவளுடைய தோழி வந்தாள், அவள் யாரிடமும் சொல்லாத பயங்களும் வந்தன.

பேச விஷயம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அவரைக் கெடுத்தது. இரண்டாவது வாரமே, அந்த அனிமேக்கு மூலமான காமிக்ஸை எங்கேயோ தேடிப் பிடித்துக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டார். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி குறிப்பெல்லாம் எடுத்தார். அதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் "ஐயையோ!" என்று முதல்முறை பார்ப்பவரைப்போல வாயைப் பிளந்தார்.

போன வாரம், பதினோராவது எபிசோட் முடிந்த சந்தோஷத்தில் வாய் நழுவிவிட்டது. "பாவம்டா, இவன் ஸ்டேஷனுக்கு ஓடி வர்றதுக்குள்ள அவ ரயிலேறிப் போயிடுவா."

"அப்பா... அது இன்னும் வரலையே."

அவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"காமிக்ஸை முழுசா படிச்சிட்டீங்களா? எப்போ?"

"ரெண்டாவது வாரம்டா கண்ணு. உன்கூடப் பேசணும்னுதான்..."

"அப்போ ஒவ்வொரு வாரமும் நடிச்சீங்களா? ஒன்பதாவது எபிசோட்ல அழுதீங்களே, அதுவுமா?"

"அது நெஜம்டா! சத்தியமா நெஜம்!"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அப்புறம் போனை வைத்துவிட்டாள். ஒரு வாரமாகக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. அவள் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரலை" என்று அவளும் வைத்துவிட்டாள்.

ஐந்து அடித்தது. எபிசோட் வந்துவிட்டது. அவர் தொடவில்லை. ஐந்தரைக்குப் போனில் ரசிகர்கள் கூடும் பக்கத்தைத் திறந்தார். அங்கே ஒரே ரகளை. முடிவை மாற்றிவிட்டார்களாம்! காமிக்ஸில் இருப்பது இல்லையாம்! யாரோ விவரம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் சட்டென்று மூடினார். இந்த ஒரு எபிசோட்தான் அவருக்கும் தெரியாது. இதை மட்டும் அவளோடு உட்கார்ந்து பார்த்துவிட்டால், தன் குரலைக் கேட்டு அவளே தெரிந்துகொள்வாள். இன்றைக்குத் தவறினால் அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று கிடையாது. மகளுக்கு எழுதினார்: 'முடிவை மாத்திட்டாங்களாம். எனக்கும் தெரியாது. நான் இன்னும் பாக்கல. நீ பாத்துட்டாலும் பரவாயில்ல, ஒரு தடவை கூப்பிடுடா.' அனுப்பிவிட்டுப் போனைத் தன் கருவிப் பெட்டி மேல் வைத்து, கண்ணெடுக்காமல் பார்த்தார்.

அடித்தது லிஃப்டின் அபாய மணி. ஒன்பதாம் மாடிக்கும் எட்டுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. சுவரிலிருந்த இன்டர்காமில் ஒரு பெண் குரல் பதறியது. "அண்ணே, யாராவது இருக்கீங்களா? எங்க மாமியாருக்கு மூச்சு வாங்குது!"

"பயப்படாதீங்கம்மா, அஞ்சு நிமிஷம். கதவுகிட்ட நிக்காதீங்க."

மெயின் சுவிட்சை அணைத்தார். இடது கையால் பிரேக் நெம்புகோலை அழுத்திப் பிடித்து, வலது கையால் மோட்டாரின் இரும்புச் சக்கரத்தைத் திருப்ப ஆரம்பித்தார். நெம்புகோலை விட்டால் பிரேக் பிடித்துக்கொள்ளும், லிஃப்ட் நின்ற இடத்திலேயே நிற்கும். உள்ளே யாரும் விழ மாட்டார்கள், ஆனால் வெளியே வரவும் முடியாது.

கால் சுற்றுகூட ஆகவில்லை. போன் அடித்தது. மகள்! திரையில் அவள் முகம். மூன்றே எட்டு வைக்கும் தூரம்.

"அண்ணே, மாமியாருக்கு ரொம்ப முடியல!" என்று இன்டர்காம் அலறியது.

அவர் கையை எடுக்கவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. "கடவுளே" என்றார் வாய்விட்டு. சக்கரத்தை முரட்டுத்தனமாக ஒரு திருப்பு திருப்பினார், கம்பிவடம் முனகியது. போன் மறுபடி அடித்தது. அதிர்கிற வேகத்தில் பெட்டியின் தகர மூடிமேல் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தபடி, கண் மறைக்கும் நீரைத் தோளில் துடைத்துக்கொண்டு, அவர் சக்கரத்தைத் திருப்பினார். லிஃப்ட் ஒரு சாண் இறங்கியது.