நாளுக்கு ஒரு பலகை

ஜூனிபர் மேட்டில் பிடித்த காட்டுத்தீ நாளுக்கு ஒரு பலகைதான் எரித்தது. அக்டோபர் மாதத்து வறண்ட காற்று மலையிலிருந்து ஒரே ஒரு பொறியைக் கொண்டுவந்து தெருக்கோடி வேலியில் வைத்துவிட்டுப் போனது. அன்று ஒரு பலகை, மறுநாள் அடுத்தது. தீயணைப்பு வண்டி மூன்று முறை வந்து நனைத்தது. ஈரம் காய்ந்ததும் தீ விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கலிபோர்னியாவின் அந்தக் குடியிருப்பில் வேலியெல்லாம் தேவதாரு மரம், ஒன்றோடொன்று கோத்து வீட்டுச் சுவர்களில் முட்டி நிற்கும். தெருவின் அழகுக்காகக் குடியிருப்போர் சங்கம் போட்ட விதி.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற லோர்னாவின் வீடு ஒன்பதாவது. முதல் வீடு போனதுமே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. சுவரை ஒட்டிய பத்துப் பலகைகளைக் கழற்றிவிட்டால் தீ தாண்டாது. ஆனால் வேலியில் பாதி எட்டாவது வீட்டு வெர்ஜிலுடையது.

"கழட்டினா என் நாய் ஓடிப்போயிடும், லோர்னா."

"கட்டிப்போடுங்களேன்."

"கட்டினா அழும். அதோட, எனக்கு அப்புறம்தானே உங்க வீடு? நானே பேசாம இருக்கேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ரம்பத்தோடு இறங்கினாள். திங்களன்று சங்கத்து ஆட்கள் புதுப் பலகை அடித்து, மரியாதையாக ஒரு கடிதமும் வைத்துவிட்டுப் போனார்கள். மறுபடி அறுத்தாள், மறுபடி அடித்தார்கள், இந்த முறை இன்னும் நன்றாகக் காய்ந்த மரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் சங்கக் குழு அவள் மனுவை அனுதாபத்தோடு படித்து, வரைபடம் கேட்டது. எரிந்த மனைகளில் புதியவர்கள் வந்து கட்டினார்கள். விலை குறைவு, மலைக் காட்சி அருமை.

நான்காவது வசந்தத்தில் வெர்ஜிலின் வீடு எரிந்து முடிந்தது. வேலியே இல்லாத புல்வெளியில் நாய் படுத்திருந்தது. "ஓடவே இல்ல பாருங்க," என்றார் அவர், பெட்டிகளை வண்டியில் ஏற்றியபடி.

லோர்னாவின் சுவருக்குத் தீ ஒரு வியாழக்கிழமை, அவள் காப்பி போடும் நேரத்தில் வந்து, கூரையின் இறவாரத்துக்குள் ஏறியது. வீடு எரிய நான்கு மாதம் ஆனது. அறை அறையாக நகர்ந்து, கடைசி இரண்டு வாரம் சமையலறையில் குடியிருந்தாள். பிறகு மடக்கு நாற்காலியோடு தெருவோரம் வந்து உட்கார்ந்தாள்.

பத்தாவது வீட்டை அந்த வருடம்தான் வாங்கியிருந்த டெஸ்மண்ட் பக்கத்தில் வந்து நின்றான்.

"எங்க வீட்டுக்கு எப்ப வரும்?"

"முப்பத்தெட்டுப் பலகை இருக்கு."

"அப்ப டிசம்பர். பரவால்ல, நவம்பர்ல வான்கோழி விருந்துக்கு எல்லாரும் வர்றாங்க. அது தாண்டினாப் போதும்."

"பத்துப் பலகையைக் கழட்டிடலாம்."

"சங்கத்துல கேக்கணுமே."

வேலிகளுக்கு வருடாந்திர எண்ணெய் பூச அந்தச் சனிக்கிழமைதான் கடைசி நாள். அவன் தூரிகை எடுத்து வந்தான். லோர்னா எழுந்து எண்ணெய் டப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.