மேல் அடுக்கு

"நிறுத்துங்க" என்றாள் கிருபாவதி. பொன்னுராஜ் கேக் வைத்த பலகையைச் சுற்றுவதை நிறுத்தினார்.

கேக்கின் நடு அடுக்கைச் சுற்றி ஓடிவந்த சர்க்கரைச் சங்கிலி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்திருந்தது. சேர்ந்த இடம் தெரியவில்லை. அவள் ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்த்துவிட்டு, சர்க்கரைக் கலவை நிரப்பிய காகிதக் கூம்பை, இறுகிவிடாமலிருக்க, கிண்ணத்தின் மேலிருந்த ஈரத்துணிக்கு அடியில் வைத்தாள்.

"மேல் அடுக்குக்கு ரோசாப்பூ மட்டுந்தான் பாக்கி. கொஞ்சம் முதுகைச் சாச்சுட்டு வாரேன்."

"காப்பி போடவா?"

"வேண்டாம். அந்தச் சன்னலைச் சாத்திருங்க. சாரல் பட்டா சர்க்கரை எளகிரும்."

அவர் சன்னலைச் சாத்தினார். ஆனி மாதத்து மேகம் போடிக்கு மேற்கே மலையை முழுக்க மறைத்திருந்தது. தெருவில் ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. மிச்சமிருந்த சர்க்கரைத் தூளைச் சல்லடையில் சலித்து வைத்தார். கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கிய வெளிச்சத்தில் தூள் மிதந்தது, இறங்க மனமில்லாததுபோல.

பிறகு அவளை எழுப்பப் போனார். வலது கையைக் கன்னத்துக்குக் கொடுத்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். புருவத்தில் சர்க்கரைத் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது. சின்னப் பிள்ளைக்கு ஊதுவதுபோல ஊதினார். தூள் பறந்தது. இமை அசையவில்லை.

டாக்டர் வந்து, கையைப் பிடித்துப் பார்த்து, நெஞ்சு நின்றுபோயிருக்கிறது என்றார். பொன்னுராஜ் தலையாட்டினார். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருந்தது. யாரோ வந்தார்கள், யாரோ அழுதார்கள், சர்ச்சிலிருந்து பெஞ்சுகள் வந்து கூடத்தில் இறங்கின.

மறுநாள் காலை, அவருடைய அக்கா ஜெபமணிதான் முதலில் கேக்குப் பேச்சை எடுத்தாள்.

"ஏலே பொன்னு, உள் அறையில அது அப்படியே நிக்கிதே, என்ன செய்ய?"

அவர் அவளைப் பார்த்தார்.

"வந்த பொம்பளைகளெல்லாம் எட்டிப் பாக்காக. சாவு விழுந்த வீட்டுல கல்யாணக் கேக்கான்னு பேசுறாக. பின்வாசல் வழியா எடுத்து ரோட்டோரத்துப் பிள்ளைகளுக்குக் குடுத்துரட்டுமா?"

"இருக்கட்டும்க்கா."

"இருந்து என்ன செய்ய? நாளைக்குக் கல்யாணம். அவுக வாங்க மாட்டாகல்ல?"

ஏலக்காய் வியாபாரி ஞானசிகாமணி, தன் மகள் பூமாரியின் கல்யாணத்துக்குக் கேட்டிருந்த கேக் அது. கேட்டது அவரல்ல, பூமாரிதான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கிருபாவதியிடம் வேதப்பாடம் படித்த காலத்தில், "டீச்சர், எனக்கு மூணு மாடி வைக்கணும்" என்று சொல்லி வைத்தவள். கிருபாவதி மறக்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னாலேயே உலர்திராட்சையை ஊறப்போட்டாள். தகரப் பெட்டிக்குள் மணலைப் பரப்பி, மேலும் கீழும் கரி போட்டு, ஒவ்வொரு அடுக்காகச் சுட்டெடுத்தாள். பொன்னுராஜ் தன் இரும்புக்கடையிலிருந்து குழாய்த் துண்டுகளை அறுத்துக்கொண்டு வந்து, வெள்ளித்தாள் சுற்றி, அடுக்குகளைத் தாங்கும் தூணாக்கிக் கொடுத்தார். கேக்கைச் சுற்றும் பலகையும் அவர் செய்ததுதான். அடியில் ஜீப்பின் பழைய பேரிங் இருந்தது. விரலால் தொட்டால் சத்தமில்லாமல் சுற்றும்.

பிள்ளை இல்லாத வீடு. கல்யாணச் சீசனில் மட்டும், கடையை அடைத்தபின், கணவன் மனைவி இரண்டு பேரும் இந்தப் பலகைக்கு இருபுறமும் உட்கார்ந்திருப்பார்கள். அவள் வரைவாள், அவர் சுற்றுவார். "சுத்துங்க" என்று அவள் சொன்னதேயில்லை. அவள் மூச்சை விடும்போது சுற்றவேண்டும், பிடிக்கும்போது மெதுவாக்கவேண்டும். அது அவருக்குத் தெரியும்.

பத்து மணிவாக்கில் ஞானசிகாமணி வந்தார். கூடத்தில் கிருபாவதியைக் கிடத்தியிருந்த பெட்டியின் அருகே சற்று நேரம் நின்றுவிட்டு, பொன்னுராஜின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நீங்க எதையும் போட்டு மனசைக் கொழப்பிக்கிடாதீக. மதுரைக்கு ஆள் அனுப்பிட்டேன். அங்கன வாங்கிக்கிடலாம்."

"சரி" என்றார் பொன்னுராஜ்.

"தப்பா எடுத்துக்கிடாதீக. மாப்பிள்ளை வீட்டுக்காரக ஒரு மாதிரி. சகுனம் அது இதுன்னு..."

"சரிங்க."

பொன்னுராஜ் எழுந்து உள் அறைக்குப் போனார். மூன்று அடுக்கும் வெள்ளையாக நின்றது. மேல் அடுக்கு மட்டும் மொட்டையாக இருந்தது. சர்க்கரைக் கலவைக் கிண்ணத்தை மூடியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது: விடிவதற்குள் எத்தனையோ முறை அவர் எழுந்து வந்து அந்தத் துணியை நனைத்துவிட்டுப் போயிருக்கிறார். யாரும் சொல்லவில்லை. எதற்கென்று அவரும் யோசிக்கவில்லை.

கூடத்தில் பெண்கள் பாடிக்கொண்டிருந்த ஞானப்பாட்டு நின்றது. சன்னலோரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பூமாரி வந்திருந்தாள். நாளைக்குக் கல்யாணப் பெண், சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நேரே போய் கிருபாவதியின் பாதத்தைத் தொட்டாள். மருதாணி சிவந்த கை. "ஆத்தா, நீ ஏம்மா இங்கன வந்த?" என்று ஜெபமணி பதறினாள். பூமாரி எழுந்து உள் அறைக்கு வந்தாள். பின்னாலேயே ஞானசிகாமணியும் வந்தார்.

"பூமாரி, வீட்டுக்கு வா."

"வாரேம்ப்பா." அவள் கேக்கைச் சுற்றி வந்து பார்த்தாள். "மாமா, எனக்கு இதுதான் வேணும்."

"முடியலையே ஆத்தா" என்றார் பொன்னுராஜ். "பூ வைக்கல."

"நீங்க வைங்க."

"எனக்குச் சுத்தத்தான் தெரியும்."

"நான் சுத்துறேன்."

ஞானசிகாமணி மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, கூடத்தைப் பார்த்தபடி வாசல் நிலையில் நின்றுகொண்டார். அவரைத் தாண்டி யாரும் உள்ளே வர முடியாது.

பலகையைச் சுற்ற பொன்னுராஜ் வழக்கமாக உட்காரும் முக்காலியில் பூமாரி உட்கார்ந்தாள். பொன்னுராஜ் கிருபாவதியின் முக்காலியில் உட்கார்ந்தார். துணிக்கு வெளியே நீண்டிருந்த நேற்றைய கூம்பின் நுனி இறுகியிருந்தது. புதுக் காகிதத்தைச் சுருட்டி, தகர மூக்கைப் பொருத்தி, கலவையை அள்ளி நிரப்பினார். கிருபாவதியின் மணிக்கட்டு எப்படித் திரும்பும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆணியும் சங்கிலியும் எடை போட்ட கைக்குத்தான் அது வரவில்லை. கலவை பிதுங்கி, உருண்டு, உட்கார்ந்தது.

"வெங்காயம் மாதிரி இருக்கு மாமா" என்றாள் பூமாரி.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. கூடத்தில் திரும்பத் தொடங்கியிருந்த பாட்டு ஒரு கணம் தடுமாறி, மறுபடியும் பிடித்துக்கொண்டது. பூமாரியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

அதைக் கத்தியால் எடுத்துவிட்டு இன்னொன்று வைத்தார். அதையும் எடுத்தார். அடுத்ததில் இதழ் இதழாக விரிந்தது. கொஞ்சம் கோணல்தான். விட்டுவிட்டார்.

"மெதுவாச் சுத்து ஆத்தா."

பலகை சுற்றியது. அவர் குனிந்த இடத்திலிருந்து நிமிராமல் கண்ணை மட்டும் உயர்த்தினார். வெள்ளை விளிம்புக்கு நேர் மேலே, எதிரே உட்கார்ந்து சுற்றுகிறவளின் முகம் முழுசாகத் தெரிந்தது. அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் கிருபாவதியின் வகிடு மட்டுந்தான் தெரியும். வேலையிலேயே கண்ணாக இருக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். இங்கே உட்கார்ந்து வரைந்தவளுக்கு, கண்ணை உயர்த்தினால், ஒவ்வொரு பூவுக்கும் அப்பால் அவர் முகம் இருந்திருக்கிறது.

கூம்பு கையில் நின்றது.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. சுத்து."

கடைசிப் பூவை வைக்கும்போது ஜெபமணியின் குரல் கேட்டது. "பொன்னு, போதகர் வந்துட்டாக. பெட்டியை மூடணும்."

ஞானசிகாமணி வழிவிட்டார். அவர் பார்வை மேல் அடுக்கில் போய் நின்றது. கோணல் பூக்களைச் சற்று நேரம் பார்த்தார்.

"மதுரைக்குப் போன ஆளுக்குப் போன் போட்டுத் திரும்பி வரச் சொல்லிருறேன்" என்றார். "சாயங்காலம் நானே வாரேன் அண்ணாச்சி. மடியில வச்சுக் கொண்டுபோயிருவேன்."

பொன்னுராஜ் தலையாட்டினார்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் சாரல் கூடவே வந்தது. குடைகளுக்கு நடுவே பெட்டி மிதந்து போவதுபோலிருந்தது. மலை ஒருமுறை மேகத்திலிருந்து வெளியே வந்து, பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டது. போதகர் ஜெபித்தார். கயிறுகள் இறங்கின. முதல் மண் அவருடையது என்று யாரோ முழங்கையைத் தொட்டுச் சொன்னார்கள்.

அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டார். பின்னால் வந்தவர்கள் போட்ட மண் பெட்டியின் மூடியில் விழுந்து சத்தம் கேட்டது. அவர் தன் கையைப் பார்த்தார். பாதி மண் விழவேயில்லை. விரலிடுக்கில் இருந்த சர்க்கரையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கையை உதறுங்க மாமா" என்றான் யாரோ ஒரு பையன்.

அவர் விரல்களை மூடிக்கொண்டார்.