மஞ்சள் வண்டியின் ரிவர்ஸ் கியர்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒற்றைத்தடச் சாலையில் இரண்டு பெண்களின் வண்டிகள் மூக்கோடு மூக்காக நின்றன. மூன்றாவது வண்டியில் நான் இருந்தேன். பார்த்ததை அன்று மாலையே என் மருந்துக்கடையில் நாலு பேரிடம் சொன்னேன். சொன்னதும் தப்பு, சொன்ன கதையும் தப்பு. இப்போது நீங்கள் படிப்பது அதன் இரண்டாவது வரைவு.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

"மழை விட்டிருந்தது. ஆர்னிஷ் வளைகுடாவுக்கு மேலே..." வேண்டாம். ஸ்காட்லாந்தின் வடகோடியில் மழை விட்டது என்று தொடங்கினால் எங்கள் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

"அறுபத்துமூன்று வயதில் ஒரு பெண்ணுக்கு எதற்கு..." இதை ஊரே கேட்டுவிட்டது. நானும் கேட்க வேண்டியதில்லை.

"வண்டி மஞ்சள்." இது போதும்.

2

வண்டி மஞ்சள். சின்னது, இரண்டே கதவு, தரையோடு தரையாக இருக்கும். இஷ்பெல் மக்காஸ்கில் முப்பத்தெட்டு வருடம் இந்த மலைப்பக்கத்துக்கெல்லாம் வீடு வீடாகப் போன நர்ஸ். பனியிலும் புயலிலும் வண்டி ஓட்டியவள். டோர்க்கில் என்ற அவள் கணவன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவனுடைய சாம்பல் நிற வண்டியைக் கொடுத்துவிட்டுத்தான் இதை எடுத்தாள்.

முதல் மூன்று நாள் அவள் என் கடைக்கு வந்து பேசியதெல்லாம் வண்டிதான்.

"உக்காரும்போது கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி இருக்கு மருந்துக்காரரே. எழுந்திரிக்கறது தனிக் கதை. யாரும் பாக்காதப்ப உருண்டு வெளிய வரேன்."

"முதுகு என்ன ஆகறது?"

"ரோட்டுல ஒரு கல்லு கிடந்தா, அது எந்தக் கல்லுன்னு முதுகு சொல்லிடும். பழைய வண்டி, திருப்பினா யோசிச்சுத்தான் திரும்பும். இது நான் நினைக்கறதுக்குள்ள திரும்பிடுது. கியர் மாத்தறப்ப சடக்குனு ஒரு சத்தம் வருது பாருங்க..." அதோடு நிறுத்திக்கொண்டாள். வெட்கம். கூடவே, தன் சந்தோஷத்தைக் கடை மேசைமேல் வைத்துவிட்டதற்கான பயமும்.

[அவள் எதற்குப் பயந்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதியிருக்கிறேன். எழுதுபவனின் கெட்ட பழக்கம்.]

டோர்க்கிலின் தங்கை பெய்கி மலையடிவாரத்தில் இருக்கிறாள். சொந்த வண்டி இருந்தும், வியாழன்தோறும் இஷ்பெல் ஓட்ட, அண்ணன் வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்துதான் கடைக்கு வருவாள். அந்தக் கதவுப் பையில் அவனுடைய பெப்பர்மின்ட் மிட்டாய்க் காகிதம் எப்போதும் கிடக்கும். அந்த வண்டி போய்விட்டது என்பதை அவள் ஊரார் வாயால்தான் தெரிந்துகொண்டாள்.

"எனக்கு வேணும்னா கேக்கறேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அண்ணி?" என்று கேட்டாளாம். அதோடு பேச்சு நின்றது. எதிரில் வரும் வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது இங்கே வழக்கம். ஆகாதவனுக்கும் தூக்குவோம். பெய்கி மஞ்சள் வண்டிக்கு விரலைத் தூக்கவில்லை. இந்தச் சாலையில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

3

நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. பெய்கியின் வண்டிக்குப் பின்னால் நான். மேட்டு வளைவில் மஞ்சள் வண்டி இறங்கி வந்து, எங்களைக் கண்டு சடாரென்று நின்றது.

இங்கே சட்டம் எல்லாருக்கும் தெரியும். ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் போக வேண்டும். இஷ்பெலுக்கு அது இருபது அடி பின்னால் இருந்தது, எங்களுக்கு வெகு தூரம். அதோடு நாங்கள் இரண்டு வண்டி, அவள் ஒன்று. எப்படிப் பார்த்தாலும் அவள்தான் போக வேண்டும்.

அவள் போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் இரண்டு முறை உறுமியது. மூன்று ஆடுகள் எங்களைத் தாண்டிப் போயின. ஆறு நிமிடம் ஆனது. கடைசியில் நான் பின்னால் போனேன். கழுத்து வலிக்காரி பெய்கி, தலையைத் திருப்ப முடியாமல், கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துக் கோணல்மாணலாகப் பின்னால் வந்தாள். ஒரு சக்கரம் சேற்றில் இறங்கி ஏறியது.

மஞ்சள் வண்டி எங்களைக் கடந்தது. நன்றிக்கு விரலைக்கூடத் தூக்கவில்லை.

"நாத்தனாருக்கு வழி விடமாட்டாளாம்." அன்று மாலை நான் கடையில் சொன்ன வாக்கியம் இதுதான். மறுநாள் காலைக்குள் அது தபால்காரர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

4

புதன்கிழமை இஷ்பெல் கடைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"நேத்து ரிவர்ஸ் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல."

எனக்குப் புரியவில்லை.

"வண்டியில, மருந்துக்காரரே! பழசுல கியர் குமிழ அமுக்கிப் பின்னால தள்ளணும். இதுல எப்படி அமுக்கினாலும் விழல. ஷோரூம்ல ரோட்டப் பாத்து நிறுத்திக் குடுத்தாங்க. வீட்டுல முற்றத்தச் சுத்தி வந்து நிறுத்தினேன். பின்னால போகற அவசியமே வரல."

[இந்த வரிக்கு உள்ளர்த்தம் தேடாதீர்கள். கியரைப் பற்றித்தான் சொன்னாள்.]

"இறங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"முப்பத்தெட்டு வருஷம் ஓட்டினவ, பெய்கி முன்னால, உங்க முன்னால, பின்னால போகத் தெரியலன்னு சொல்லவா?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது மட்டும் இல்ல. அந்த வளைவுல வரும்போது நான் சத்தமா சிரிச்சுட்டு வந்தேன். கத்தினேன்னே சொல்லலாம். அவர் போனப்புறம் முதல் தடவை. திரும்பினா, அவர் தங்கச்சி முகம். அப்படியே அவர் முகம். கையும் களவுமா பிடிபட்ட மாதிரி ஆயிடுச்சு. ஸ்டியரிங்கிலேர்ந்து கையே வரல, விரல எங்க தூக்கறது?"

செவ்வாய் இரவே பூதக்கண்ணாடி வைத்துக் கையேட்டைப் படித்தாளாம். குமிழுக்குக் கீழே ஒரு வளையம் இருக்கிறது. அதைத் தூக்க வேண்டும்.

"பெய்கிகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றேன்.

"சொன்னீங்கன்னா மாத்திரை வாங்க நாப்பது மைல் போவேன், இங்க வரமாட்டேன். கல்நெஞ்சுக்காரின்னு சொல்லட்டும். ரிவர்ஸ் தெரியாதவன்னு சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன்.

5

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று. இருநூறு மைல் சுற்றளவில் இதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். சத்தியமும் கெடாது, ரகசியத்தை அடக்கிவைத்த வயிற்று வலியும் தீரும்.*

* தீரவில்லை.

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் பெய்கிக்கு மயக்கம் வருகிறது, மஞ்சள் வண்டி அவளை ஆஸ்பத்திரிக்குப் பறந்து கொண்டுபோகிறது. வேண்டாம். இரண்டு பெண்கள் பேசிக்கொள்ள ஒருத்தி சாகக் கிடக்க வேண்டுமா? இன்னொன்றில் இருவரும் மறுபடி அதே வளைவில் சந்திக்கிறார்கள், இஷ்பெல் வளையத்தைத் தூக்கி... அழகாக இருந்தது. நடக்கவில்லை. அடித்துவிட்டேன்.

6

நேற்று வியாழன். பெய்கி கழுத்துக்குத் தைலம் வாங்க வந்தாள்.

"என்ன எழுதறீங்க? கோழி கிளறின மாதிரி இருக்கு."

"கதை."

"எங்க அண்ணிய வெச்சா?" அவள் சிரிக்கவில்லை. "வழி விடல, அது எனக்குப் பெரிசில்ல. இந்த ஊரு பேசறது எனக்கு வேண்டாம். அந்த வளைவுல அவ சிரிச்சுட்டு வந்தா. அண்ணன் போனப்புறம் அவ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எனக்கு அப்படியே விரலத் தூக்கணும்னு இருந்துச்சு. என்னப் பாத்ததும் சிரிப்பு நின்னுபோச்சு. என்னப் பாத்தா அவ்வளவு பயமா இருக்கா மருந்துக்காரரே?"

நான் தைலத்தைப் பையில் போட்டேன். வெளியே எடுத்தேன். மறுபடி போட்டேன்.

"பெய்கி, உங்க அண்ணன் வண்டியில ரிவர்ஸ் எப்படிப் போடுவாங்க?"

"அமுக்கிப் பின்னால தள்ளணும். அது யாருக்குத் தெரியாது?"

"சில புது வண்டியில அமுக்கினா விழாதாம். ஒரு வளையத்தத் தூக்கணுமாம். கையேட்டுல இருக்காம். பொதுவா சொல்றேன்."

சத்தியத்தை மீறினேனா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். பெய்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை. தைலத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

கடை வாசலிலிருந்து இடப்பக்கம் போனால் அவள் வீடு. வலப்பக்கம் இஷ்பெல் வீடு. இந்த ஊரில் யாரும் திரும்பும் விளக்கைப் போடுவதில்லை, யார் எங்கே போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். நேற்று எனக்குத் தெரியவில்லை.

அவள் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. போன முறை நான் பார்த்தேன், பார்த்ததை அப்படியே நம்பினேன், போய்ச் சொன்னேன். அதனால் இந்த முறை சன்னலுக்குப் போகவில்லை. நீங்கள் போய்ப் பாருங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.