இரண்டாம் அடைப்புக் கோழிகள்

வெனிங்கோடு படித்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டுவிட்டார்கள். அவள் மட்டும் கால்நடைக் கல்லூரியில் தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பருவத்துக்குள் ஆய்வை முடிக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்று கல்லூரி சொல்லிவிட்டது. இனி அவள் தலையெழுத்து கறிக்கோழிகளின் எடையில் இருந்தது.

மஞ்சள், பூண்டு, சித்தரத்தைச் சாற்றை அவள் கடுகளவு குருணையாக்கி, மேலே கொழுப்புப் பூச்சு கொடுத்திருந்தாள். கோழியின் நாக்குக்குக் கசப்பு தெரியாது; குடலுக்குள் போன பிறகுதான் பூச்சு கரைந்து மருந்து வெளியே வரும். ஜாவாவில் சுகோஹார்ஜோவுக்குப் பக்கத்தில் கோழி வளர்க்கும் சர்ஜுனியின் கொட்டகையில் வலை கட்டி இரண்டு அடைப்பாகப் பிரித்தாள். முதல் அடைப்புக்குத் தீவனத்தோடு குருணை, இரண்டாவதற்கு வெறும் தீவனம். ஐந்து வாரம் கழித்துக் குருணை தின்ற கோழிகள் கொழுத்திருந்தால் அவளுக்குப் பட்டம்.

தீவனம் வைப்பது சர்ஜுனியின் மனைவி துமிரா; எல்லோருக்கும் ‘இபு’, அதாவது அம்மா. காலையில் ஜாமு என்கிற மூலிகைக் கஷாயப் போத்தல்களைக் கூடையில் அடுக்கி, முதுகில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறவர். வெனிங் சொன்னதற்கெல்லாம் சிரித்தபடி தலையாட்டினார். தலையாட்டுவதில் எங்கள் ஜாவாக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அதைச் சம்மதம் என்று நம்புகிறவர்கள் ஏமாளிகள்.

எடை போட்ட நாளில் இரண்டு அடைப்பும் ஒரே எடை. திரும்பப் போட்டாள், தராசை மாற்றியும் போட்டாள். தராசு மசியவில்லை. வெனிங் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். சர்ஜுனி கிராம்பு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். அதற்குமேல் துமிராவால் தாங்க முடியவில்லை.

“நான்தான் கண்ணு ரெண்டுக்கும் பாதி பாதியாப் போட்டேன். வலைக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டே இருக்குதுங்க. ஒரு பிள்ளைக்கு ஊட்டிட்டு இன்னொண்ணைச் சும்மா நில்லுன்னு சொல்ல முடியுமா?”

“அது பிள்ளை இல்ல இபு. அடுத்த வாரம் வறுவல்,” என்றாள் வெனிங்.

“வறுவல் ஆகுற வரைக்கும் பிள்ளைதான்.”

வெனிங்கின் பேராசிரியர் தொலைபேசியில் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு, இன்னும் ஒரே ஒரு முறை செய்துபார்க்க நேரம் இருக்கிறது என்றார். அந்த அம்மாள் மாறப்போவதில்லை. ஆகவே வெறும் மாவை அதே பூச்சுக்குள் அடைத்து இரண்டாவது அடைப்புக்குக் கொடுத்துவிடு, எல்லோருக்கும் கிடைத்தது என்று அவர் மனம் குளிரும் என்று வழி சொன்னார். வெனிங்குக்கு மனசு குத்தத்தான் செய்தது. ஆனால் பெயரை அடிப்பார்கள் என்ற நினைப்பு அதைவிட அதிகமாகக் குத்தியது.

இரண்டு பைகளையும் பார்த்ததும் துமிரா அவளைக் கட்டிக்கொண்டு, நல்ல மனசுள்ள பெண் என்று மெச்சினார். நல்ல மனசுள்ள பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புதுக் குஞ்சுகள் விட்டு ஐந்து வாரம் கழித்து எடை போட்டபோது, முதல் அடைப்புக் கோழிகள் தராசை அமுக்கின. வெனிங் துள்ளிக் குதித்து அம்மாவுக்குப் போன் போட்டாள். திரும்பி வந்தபோது துமிரா இரண்டாம் அடைப்பில் ஒரு கோழியைத் தூக்கி, நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது.

“ரெண்டுக்கும் ஒரே கையாலதான் போட்டேன். இதுங்க மட்டும் ஏன் கண்ணு தேறல? நான் எதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?”

ஏதோ சீக்கு என்று சொல்லியிருக்கலாம். பொய் நுனி நாக்குவரை வந்தது. தான் செய்ததற்கு இந்த மனுஷி கலங்குவதை வெனிங்கால் பார்க்க முடியவில்லை.

“அதுங்களுக்குக் கொடுத்தது வெறும் மாவு, இபு. மேல்பூச்சு மட்டும்தான் ஒண்ணு.”

துமிரா கோழியை மெல்ல இறக்கிவிட்டு வீட்டுக்குள் போனார். போனவர் கொஞ்ச நேரத்தில் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தேநீர் கொண்டுவந்தார். எறும்பு தேடி வரும் அளவுக்குச் சர்க்கரை கொட்டுகிற வீடு அது. சர்ஜுனி ஒரு மடக்குக் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். வெனிங்கும் ஒரு மடக்குக் குடித்தாள். பேருக்குக்கூட இனிப்பு இல்லை, வெறும் கசப்பு. நிமிர்ந்து பார்த்தாள்.

“குடி கண்ணு,” என்றார் துமிரா. “பார்க்க ரெண்டும் ஒண்ணுதானே.”