செவ்வாய்க்கிழமைப் பல்வலி

ஒரு சமுதாயம் எவ்வளவு நாகரிகமடைந்திருக்கிறது என்பதை அதன் கோபுரங்களை வைத்தோ நூலகங்களை வைத்தோ சொல்லிவிட முடியாது. அதன் மக்கள் தங்கள் பற்களை எப்படிப் பேணுகிறார்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்த வகையில் அந்தக் கடைத்தெருவை மிஞ்ச உலகத்தில் ஆளில்லை. கடை திறக்கும் நேரம் தொடங்கி மாலை வரை, வணிகர் சங்கக் கட்டடத்தின் மாடிப்படியில் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏறியபடியே இருப்பார்கள். மாடியில் பல் டாக்டர் இருந்தார்.

பல் டாக்டரிடம் ஒரு நாளைக்கு இரண்டு பேர் போனால் அதிகம்.

படி முடியும் இடத்தில் வலது பக்கம் அவருடைய கதவு. இடது பக்கம் இன்னொரு கதவு. அதில் ‘மனநலம் மற்றும் போதை மீட்பு, புறநோயாளிகள் பிரிவு’ என்று எழுதியிருக்கும். கன்னத்தைப் பிடித்தபடி ஏறி வந்தவர்கள் மேலே வந்ததும் கையை இறக்கிவிட்டு இடது பக்கம் திரும்புவார்கள். இறங்கும்போது கை மறுபடி கன்னத்துக்குப் போய்விடும். லாரி ஓட்டி ஓட்டி ‘லாரி’ என்றே பெயர் நிலைத்துவிட்ட ஒருவர் மட்டும், ஏறும்போது வலது கன்னத்தையும் இறங்கும்போது இடது கன்னத்தையும் பிடித்துக்கொண்டு வருவார்.

“என்ன லாரி, வலி இடம் மாறிடுச்சா?” என்று படிக்குக் கீழே இருந்த டீக்கடைக்காரர் கேட்பார்.

“வாயிக்குள்ளயே ஒரு யு-டர்ன் போட்டுருச்சுண்ணே.”

அதற்கு மேல் அவரும் கேட்கமாட்டார், இவரும் சொல்லமாட்டார்.

இடது பக்கக் கதவை நடத்தியவர் ஒரு பெண். ஆலோசகர் என்று பலகையில் போட்டிருந்தாலும், அவளுக்கு அப்பா வயதுக்காரர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வந்து மாத்திரை எழுதிக் கொடுப்பார். மற்ற நாட்களில் அக்காவும் ஒரு நர்சும், வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளும், ஒரு கால் ஆடும் மேஜையும்தான். இத்தனை சின்ன ஏற்பாட்டை வைத்துக்கொண்டு மனிதர்களை மறுபடி வேலைக்கும் வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள். அதற்காக யாரும் அவளுக்கு மாலை போட்டதில்லை. மாலை போட வருகிறவன், தான் ஏன் வந்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டியிருக்குமே.

வணிகர் சங்கத் தலைவர் குடையும் பெட்டியும் விற்றார். மழை வந்தால் குடை, விடுமுறை வந்தால் பெட்டி, இரண்டும் வராத நாளில் சொற்பொழிவு. சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேச எழுந்தாலும் “வரலாறு நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறது” என்றுதான் தொடங்குவார். பேச்சின் நடுநடுவே ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். புதிதாகக் கேட்பவர்கள் மைக்கில் கோளாறு என்று நினைப்பார்கள். பழகியவர்கள் அதை முற்றுப்புள்ளியாக எடுத்துக்கொள்வார்கள்.

அவர் பாட்டிலைக் கடையிலேயே ஒளித்து வைத்திருந்தார். மேல் அடுக்கில், எந்த மனிதனும் வாங்கத் துணியாத நிறத்தில் ஒரு பெட்டி இருந்தது, அதற்குள். ஒரு நாள் அந்த நிறமும் ஒருவருக்குப் பிடித்துவிட்டது. கல்லாவில் இருந்த தலைவரின் மனைவி பெட்டியைத் துடைத்துக் கொடுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வாங்கியவர் திரும்பி வந்தார்.

“ஏம்மா, இது பெட்டியோட சேர்ந்து வர்றதா, இதுக்குத் தனியாக் காசா?”

“தாங்குதான்னு பாக்க உள்ள வெச்சதுங்க” என்று முகம் மாறாமல் வாங்கிக்கொண்டாள் அவள். கடை மூடிய பிறகு புருஷனிடம் சொன்னாள்: “நாளைக்கு நீங்க அந்த மாடிப்படி ஏறுறீங்க. இல்லைன்னா நான் எங்கம்மா வீட்டுக்கு பஸ் ஏறுறேன். ரெண்டுல ஒருத்தர் ஏறித்தான் ஆகணும்.”

தலைவர் ஏறினார். வலது கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டீக்கடைக்காரருக்குக் கேட்கும்படி இரண்டு தடவை முனகிவிட்டே ஏறினார்.

“சங்கக் கட்டடம் எப்படிப் பராமரிக்கப்படுதுன்னு பாக்க வந்தேன்மா” என்றார் அக்காவிடம்.

“தாராளமாப் பாருங்க சார். இது சுவர், அது ஜன்னல். கை ஏன் இப்படி நடுங்குது?”

அன்றே டாக்டர் பார்த்தார். திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்து என்பதால், தினமும் வந்து நர்சிடம் காட்டிவிட்டுப் போகச் சொன்னார். மாத்திரை மனைவியின் கையில் கொடுக்கப்பட்டது. உடம்பு ஒரு நிலைக்கு வந்ததும், குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் செவ்வாய்க்கிழமை வட்டத்துக்கு வரச் சொன்னாள் அக்கா.

தலைவர் உள்ளே வந்து நாற்காலிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “தலைமை நாற்காலி எதும்மா?”

“வட்டத்துல அப்படி ஒண்ணு இல்ல சார். காலியா இருக்கறதுல உக்காருங்க.”

உட்காராமல் நின்றபடியே தொடங்கினார். “வரலாறு நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. மது என்னும் அரக்கன் நமது சமுதாயத்தை...”

“அரக்கன் இருக்கட்டும் தலைவரே” என்றார் லாரி. “நேத்து குடிச்சீங்களா?”

“நாம் இங்கே சிந்திக்க வேண்டியது...”

“நாம் வேண்டாம் சார்” என்றாள் அக்கா. “நான்னு சொல்லுங்க. அதுதான் இங்க ஒரே சட்டம்.”

தலைவர் வாயைத் திறந்தார், மூடினார். ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

“நான்... நேத்து குடிக்கல.”

“நல்லது. உக்காருங்க.”

அவர் வாழ்நாளில் பேசியதிலேயே சின்னப் பேச்சு அது. கைதட்டல் கிடையாது. ஆனால் லாரி தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளி அவருக்கு இடம் விட்டார்.

குடி நின்றது. நின்ற பிறகுதான், அதுவரை அதற்குப் பின்னால் பதுங்கியிருந்தது வெளியே வந்தது. மனம் ஒரு மாதிரி கனத்துப்போய், தலைவரால் காலையில் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. கடையை மனைவிதான் திறந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வட்டத்துக்கு வரவில்லை. மனைவியின் செல்லுக்குப் போன் வந்தது. கடையில் ஆட்கள் இருந்தார்கள். அக்கா பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை.

“மாடிலேர்ந்து பேசறேன். வீட்ல சார் கிட்ட குடுக்க முடியுமா?”

மனைவி போனை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“சார், பல்லு எப்படி இருக்கு?”

“வலிக்குதும்மா.”

“எங்க?”

தலைவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். “எங்கன்னு சொல்லத் தெரியல. எல்லா இடத்துலயும்.”

“அப்ப இன்னிக்கே வாங்க. மூஞ்சி கழுவ வேண்டாம், சட்டை மாத்த வேண்டாம். அப்படியே வாங்க. டாக்டர் இருக்கார்.”

அதற்கென்று தனி மாத்திரை வந்தது. இது சோம்பல் இல்லை, மனசுக்கு வந்த நோய், இதற்கும் மருந்து உண்டு என்று மனைவிக்கும் அவருக்கும் சேர்த்து வைத்துச் சொன்னாள் அக்கா. சில வாரங்களில் தலைவர் குடைகளை விரித்து வைத்துத் தூசி தட்டினார். அடுத்த சங்கக் கூட்டத்தில், வரலாறு மறுபடி அவரைக் கவனிக்கத் தொடங்கியது.

கஷ்டகாலம் சங்கச் செயலாளர் உருவத்தில் வந்தது. அவர் துணிக்கடைக்காரர். குழந்தைகள் துணிக்குத் தனித் தளம் போட வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. பல் டாக்டர் இடத்தைக் கேட்க முடியாது. அவர் செயலாளருக்கு மச்சான். ஆகவே இடது பக்கக் கதவு தெருவின் மானத்தை வாங்குகிறது என்பதை அவர் திடீரென்று கண்டுபிடித்தார். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அவர்களைக் காலி செய்யச் சொல்லும் தீர்மானம். முன்மொழிய வேண்டியவர் தலைவர்.

மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். தலைவர் யோசித்துப் பார்த்து, தன் ரகசியத்தைக் காப்பாற்ற ஒரே வழி, தன்னைக் காப்பாற்றிய இடத்தை எதிர்த்து முழங்குவதுதான் என்ற முடிவுக்கு வந்தார். வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். “நமது தெருவின் மாண்பு...”

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏங்க, நல்லாத்தான் இருக்கு. பேசிட்டு நேரா எங்க போவீங்க? பாட்டில் வைக்கக் கடை மேல் அடுக்குல இன்னும் பெட்டி இருக்கு.”

அன்று மாலை தலைவர் படியேறினார்.

“ஏம்மா, நாளைக்குக் கூட்டத்துல என்னைப் பத்தி ஏதாவது...”

“உங்களை எனக்குத் தெரியாதே சார். தெருவுல பாத்தா வணக்கம்கூடச் சொல்றதில்ல, கவனிச்சீங்களா?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் மரியாதை தெரியாதவள் என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

“இடம் போயிட்டா என்ன பண்ணுவே?”

“வேற தேடுவேன். கிடைக்கற வரைக்கும் எங்கயாவது மரத்தடில நாற்காலி போட்டுக்கறேன். மழை வந்தா உங்க கடை இருக்கவே இருக்கு, குடை வாங்கிக்கலாம்.” மேஜையின் ஆடும் காலுக்கு அட்டையை மடித்துச் செருகியபடியே சொன்னாள். “நீங்க என்ன வேணா பேசுங்க சார். செவ்வாய்க்கிழமை மட்டும் வந்துடுங்க.”

கூட்டத்தில் இடம் இல்லாமல் சிலர் நின்றார்கள். செயலாளர் தெருவின் மானத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பிறகு, பதில் சொல்ல வரவழைத்திருந்த அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார்.

“நம்ம தெருக்காரங்க யாராவது உங்ககிட்ட வர்றாங்களா? வர்றாங்கன்னா பேரைச் சொல்லுங்க, யோசிக்கறோம்.”

“சொல்லமாட்டேன் சார்.”

“ஒரே ஒரு பேர்?”

“அரைப் பேர்கூடச் சொல்லமாட்டேன்.”

“சொல்லலைன்னா இடம் கிடையாதும்மா.”

“அப்படின்னா வேண்டாம் சார்” என்று சொல்லி உட்கார்ந்தாள்.

இவ்வளவையும் அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கூட்டத்தில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியும். ஒருவரைப் பார்த்து ஒரு கணம் கண் நின்றால்கூட அது காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று, சுற்றாத அந்த மின்விசிறியையே அவ்வளவு மரியாதையோடு பார்த்தாள். அந்த மேடையில் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்காகக் கௌரவம், கௌரவம் என்று முழங்கியிருக்கிறார்கள். அது எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்க்க முடிந்தது.

தலைவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

“வரலாறு நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. நமது தெருவின் மாண்பு...” டக். “நமது...”

பின்வரிசையில் அவர் மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா மின்விசிறியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நான்” என்றார் தலைவர். மைக்கை விலக்கி வைத்தார். “நான் நேத்து குடிக்கல.”

கையிலிருந்த பேச்சுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நான் அந்த மாடிக்குப் போறேன். படியேறி இடது பக்கம். செவ்வாய்க்கிழமை தோறும் போறேன். இந்தப் பொண்ணு இல்லைன்னா இன்னிக்கு உங்க முன்னாடி நிக்கற ஆளு நானா இருக்கமாட்டேன். இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழியமாட்டேன். அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு, கூரை இடிந்து விழக் காத்திருப்பவர் போல நின்றார். அதிர்ச்சி, கூச்சல், குறைந்தபட்சம் ஒரு பெருமூச்சையாவது எதிர்பார்த்தார்.

“அது தெரியும் தலைவரே” என்றார் டீக்கடைக்காரர். “தீர்மானம் என்னாச்சு, அதைச் சொல்லுங்க. கடைல பால் அடுப்புல இருக்கு.”

யாராவது முன்மொழிகிறார்களா என்று செயலாளர் மூன்று பக்கமும் பார்த்தார். முதலில் தலையாட்டி மறுத்தவர் அவருடைய மச்சான்தான். “படியில கூட்டம் இருந்தாத்தான் மாமா எனக்குப் பேரு” என்றார் பல் டாக்டர். செயலாளர் தன் கையையே பாதி தூக்கினார். லாரி அவரை உற்றுப் பார்க்கவும், அந்தக் கையால் காதைச் சொறிந்துகொண்டார். தீர்மானம் அப்படியே செத்தது. அக்கா, யாரையும் பார்க்காமலே, செவ்வாய்க்கிழமைக்கு நாற்காலி போதுமா என்று எண்ணிப் பார்க்கப் படியேறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது தலைவருக்கு மனம் ஆறவில்லை.

“எல்லாருக்கும் எப்படித் தெரிஞ்சுது? அந்தப் பொண்ணு சொல்லியிருக்குமோ?”

“அவ சாகற வரைக்கும் சொல்லமாட்டா.”

“லாரி?”

“இல்லைங்க.”

“நான் ஒரு நாள்கூடக் கன்னத்துலேர்ந்து கையை எடுத்ததில்ல. எப்பவும் வலது பக்கம்தான். அவனை மாதிரி மாத்தவே இல்ல. அப்புறம் எப்படி?”

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேச்சை மாற்றி, கதவைப் பூட்டினோமா என்று கேட்டாள்.

தலைவருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் பல் டாக்டர் கட்டிக் கொடுத்தவை. கட்டிய அன்று சங்கத்தில் அதைப் பாராட்டிக் கூட்டமே போட்டார்கள்.