முறத்தளவு மனை

எங்கள் பக்கம் வீட்டு மனையைக் குட்டியாகத்தான் பிடிப்போம். செவ்வாய்ச் சந்தையில் ஆட்டுக்குட்டிகளுக்கு அடுத்த வரிசை. முறத்தளவு இருக்கும், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். ஒரு வருஷம் வளர்த்தால் மூன்று சென்ட் வந்துவிடும். பிறகு பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுபோய் ரோட்டோரமாக விரித்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். பயம் ஒன்றுதான். சில குட்டிகள் வளர்ந்து ஏரியாகிவிடும். சின்னதில் இரண்டும் ஒரே நிறம்.

அடுத்த வைகாசியில் மகனுக்குக் கல்யாணம், வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துவிடுங்கள் என்று ஓனர் சொல்லிவிட்டார். என் வளையலை விற்றுக்கொண்டு சந்தைக்குப் போனோம். தரகர் சென்னியப்பன் துண்டுக்குள் என் வீட்டுக்காரரின் விரல்களைப் பிடித்து விலை பேசினார்.

"சுழியப் பாருங்க அம்மிணி. வடகிழக்குல ஒண்ணே ஒண்ணு. இதோட தாய் மேல ரெண்டு மாடி நிக்குது."

"அப்பன் யாருங்க?" என்றேன்.

"நெலத்துக்கு அப்பனக் கேட்டா இந்தச் சந்தைல ஒருத்தரும் ஒண்ணும் வாங்க முடியாதுங்க."

அதுவும் சரிதான் என்று வாங்கிவிட்டோம்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கை செங்கல் பொடி போட்டேன். என் மகள் மகிழினிக்குப் பல் முளைத்தபோது மனை பாயளவு. அவள் எழுந்து நின்றபோது வாசல் முழுக்க.

மாசியில் அதன் நடுவே ஒரு கொக்கு வந்து நின்றது. பக்கத்து வீட்டுச் சரசக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "நமக்குத் தெரியாட்டியும் கொக்குக்குத் தெரியுமல்ல?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

அதிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. பால் பொங்குவதற்குள் ஒருமுறை, துணி அலசுவதற்குள் இரண்டுமுறை ஓடிப்போய் மண்ணைத் தொட்டுப் பார்ப்பேன். காலையில் காய்ந்திருக்கும். மத்தியானம் விரலில் ஒட்டும். காதை வைத்தால் களக் களக் என்றது.

"மேலாக்கச் செம்மண்ணத் தூவிச் சந்தைக்குக் கொண்டுபோயிரலாம்" என்றார் என் வீட்டுக்காரர். "நமக்குத் தள்ளிவிட்டாப்பல நாமளும் தள்ளிவிட்டர்றது."

தூவினோம். சுருட்டினோம். மினி வேனில் கொண்டுபோய் இறக்கினோம். ஒரு நிறைமாதப் பெண் வந்து விரித்துப் பார்த்தாள். அதற்குள் அவள் புருஷன் துண்டுக்குள் கையை விட்டுவிட்டான். நல்ல விலை.

"நீங்களே சொல்லுங்கக்கா, இதுல வீடு கட்டலாமுங்களா?"

மகிழினியை இடுப்பு மாற்றி வைத்தேன். மறுபடியும் மாற்றினேன்.

"பரிசல் விடலாம் கண்ணு" என்றேன்.

துண்டுக்குள்ளிருந்து கை வெளியே வந்துவிட்டது. "உனக்கு வாய் எதுக்குடி இருக்குது, சும்மா இருக்கத் தெரியாம" என்று மட்டும் சொன்னார் என் வீட்டுக்காரர். பிறகு மனையைச் சுருட்டித் திரும்ப வேனில் ஏற்றினார்.

வைகாசி வந்தது. ஓனர் பந்தக்கால் நட்டுவிட்டார். நாங்கள் பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டிக்கொண்டு, பைபாஸ் ஓரம் மனையை விரித்தோம். ஒரு மூச்சு விடுவதற்குள் மூன்று சென்டும் தண்ணீராகிவிட்டது. கரையில் குடை பிடித்து உட்கார்ந்தோம். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மூட்டைகளை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றினேன்.

வெயில் ஏறியதும் வீடுகள் தண்ணீர் குடிக்க வர ஆரம்பித்தன. அந்த வட்டாரத்தில் வேறு ஏரி இல்லை. எல்லா ஏரியிலும் வீடு கட்டிவிட்டார்கள். மாடி வீடுகள் முட்டி போட்டுக் குடித்துவிட்டு, ஆட்கள் வேலை விட்டு வருவதற்குள் திரும்பிப் போயின. ஓட்டு வீடு ஒன்று மட்டும் கடைசியாக, தனியாக வந்தது. இரண்டு அறை, கிழக்குப் பார்த்த வாசல், கதவில் பூட்டு இல்லை. பொழுது சாயும்வரை பார்த்தோம். யாரும் தேடி வரவில்லை.

"மூட்டையத் தூக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். வீடு இன்னும் குடித்து முடிக்கவில்லை, தரை முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது. சோறு வேகும்வரை குண்டாவைக் கையால் பிடித்துக்கொண்டேன்.