இறுக்கிய பக்கம்

டார்சோவுக்குக் கொடுத்திருந்த வேலை ரொம்பச் சின்னது. முகம் பார்க்கும் கண்ணாடியை வாசல் வெயிலுக்குக் காட்டி, அந்த வெளிச்சத்தைத் தையல் மெஷினின் ஊசித் தட்டு மேல் விழவைக்க வேண்டும். அதைக்கூட அவனால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது.

"நாள் பூரா பக்சோ வண்டி தள்ளுற கை, ஒரு கண்ணாடிய ஆடாமப் பிடிக்காதா?" என்றாள் அவன் மனைவி லஸ்த்ரி.

தட்டுக்கு இரண்டு ஸ்க்ரூ. ஒன்று கழன்றுவிட்டது. இன்னொன்றின் தலை மழுங்கிப்போய், திருப்புளி நிற்காமல் வழுக்கியது. தட்டுக்கு அடியில் உடைந்த ஊசிமுனை சிக்கிக் கிடந்தது. அதை எடுக்காமல் மெஷின் ஒரு தையல்கூடப் போடாது. நாலு மணிக்குப் பாத்தாம் தீவுத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும் அம்மாள் வருவாள். அவளிடம் காட்ட வேண்டிய மாதிரிச் சட்டைக்கு இன்னும் ஒரு கை பாக்கி.

ஊசிமுனையை உள்ளே போட்டதும், ஸ்க்ரூவை இறுக்கித் தலையை நாசம் பண்ணியதும் வேறு யாருமில்லை, கண்ணாடி பிடித்திருக்கும் இந்த உத்தமன்தான். செவ்வாய்க்கிழமை லஸ்த்ரி சந்தைக்குப் போயிருந்தபோது, பக்சோவுக்கு இறைச்சி உருண்டை நறுக்கும் கத்தியின் முனையால் செய்தான். அந்த வேலை கிடைத்தால் அவள் இரண்டு வருஷம் பாத்தாமில்தான்; அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. போகாதே என்று வாய்விட்டுச் சொல்லத் துப்பில்லை.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கு முந்தின நாள் அந்த மெஷினில் உட்கார்ந்து தைத்துவிட்டுப் போனவள் பக்கத்து வீட்டு நிக்கென். "ஊசிய உடைச்சிட்டு, ஸ்க்ரூவையும் கெடுத்துட்டு, வாயத் தொறக்காமப் போயிட்டியேடி!" என்று சந்தையிலிருந்து வந்த லஸ்த்ரி அவளை வாசலில் நிற்கவைத்துக் கிழிகிழி என்று கிழித்தாள். நிக்கென் அழுதுகொண்டே போனாள். டார்சோ அப்போது பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. அந்த அழுகை மூன்று நாளாக அவன் காதைவிட்டுப் போகவில்லை.

"ஸ்க்ரூ தலையில ரம்பத்தால புதுசா ஒரு வெட்டுப் போட்டா என்ன?" என்று கேட்டான். ஏதாவது பேசினால் தேவலை போலிருந்தது.

"தட்டுல கீறல் விழும். துணி இழுபடும்."

நேற்றே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தாள். இப்போது ஒரு கூர் தீட்டிய ஆணியை எடுத்துக்கொண்டு குனிந்தவள், ஸ்க்ரூவின் தலையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு நிமிர்ந்து புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

"வெளிச்சம்" என்றாள்.

ஆணியை விளிம்பில் சாய்த்து வைத்து, கழற்றும் பக்கமாகச் சின்னச் சின்னதாகத் தட்டினாள். முதலில் அசையவில்லை. அப்புறம் இம்மி நகர்ந்தது. அப்புறம் விரலுக்கே வந்துவிட்டது. தப்பித்தேன் என்று டார்சோவுக்கு ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே வெட்கமாகவும் இருந்தது.

ஊசிமுனையை எடுத்து வைத்துவிட்டு, ஸ்க்ரூவை அவன் உள்ளங்கையில் போட்டாள் லஸ்த்ரி.

"நல்லாப் பாருங்க. கழட்டப் பாத்து வழுக்கியிருந்தா வெட்டுல இந்தப் பக்கம் தேஞ்சிருக்கணும். இங்க என் திருப்புளி பட்ட கீறல்தான் இருக்கு. மழுங்கினது அந்தப் பக்கம். இது கழட்டின கை இல்ல, இறுக்கின கை."

அவன் ஸ்க்ரூவை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தான்.

"ஊசிய உடைச்சவ அத வெளிய எடுக்கத்தான பாப்பா? மூடி வெச்சு இறுக்குவாளா? நான் சந்தைக்குப் போனப்ப வீட்ல இருந்தது நீங்கதான்."

"லஸ்த்ரி, நான்..."

"எங்கிட்ட வேணாம். அவகிட்ட போய்ச் சொல்லுங்க. நான் பேசின பேச்சுக்கு மன்னிப்புக் கேக்க நான் அப்புறமா வர்றேன்." பொத்தான் டப்பாவைக் கிளறி வேறு ஸ்க்ரூ தேடத் தொடங்கிவிட்டாள்.

நிக்கென் அடுப்படியில் தெம்பே சோயா வில்லைகளை வறுத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் பதறி எழுந்து உள்ளே ஓடி, ஒரு புது ஊசிப் பொட்டலத்தோடு வந்தாள்.

"நானே வரணும்னு இருந்தேன் அண்ணா. மூணு நாளா யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். நான்தான் உடைச்சிருக்கணும், எனக்குத்தான் ஞாபகம் இல்ல. அக்காகிட்ட இதக் குடுத்து, கோவிச்சுக்க வேணாம்னு சொல்லுங்க."

செய்யாத தப்பை அவள் தன் தலையில் தானே ஏற்றி வைத்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தால் அவள் சாகும்வரை அப்படியே நம்பியிருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடத் தொடங்கியது. டார்சோ மூடியிருந்த கையை விரித்து ஸ்க்ரூவைக் காட்டினான்.

"நீ உடைக்கல நிக்கென். நான்தான் பண்ணினேன்."

"போங்கண்ணா, எம்மேல பரிதாபப்பட்டு சொல்றீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

அவன் இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.